தம்பியின் மகளுக்கு எழுதிய பேச்சுகள்

என் தம்பி ஜெர்மனியில் வாழ்ந்த காலத்தில், ஆண்டுதோறும் அங்கே குளிர் தொடங்கும் பருவத்தில் அவனிடமிருந்து ஓர் அழைப்பு வரும். நலம் விசாரித்து முடிந்ததும் அவனுடைய குரல் சற்றுக் குழையும்.

“அக்கா, பிள்ளைக்கு ஒரு பேச்சு எழுதித் தாங்கோவன். போன முறை எழுதின மாதிரி, நல்ல கனமா.”

அவனுடைய மகள் சனிக்கிழமைகளில் அங்குள்ள தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்தாள். அத்தகைய பள்ளிகளுக்கிடையே ஆண்டுக்கொரு முறை பேச்சுப் போட்டி நடக்கும். போட்டிக்குரிய பேச்சை ஊரிலுள்ள படித்த உறவினரிடம் எழுதி வாங்குவது அங்குள்ள பெற்றோரின் வழக்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், எங்கள் ஒழுங்கையான குறுந்தெருவிலேயே வேறு வீடுகளிலும் இவ்வேலை நடந்தது. முன்வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் கனடாவுக்கு எழுதினார். நான் ஜெர்மனிக்கு எழுதினேன். நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் என்பதால் என் பேச்சுகளுக்குச் சிறிது பெயரும் இருந்தது.

எழுதி அனுப்பினால் மட்டும் போதாது. பிள்ளை எழுத்துக்கூட்டியே வாசிப்பாள். ஆகவே நானே ஏற்ற இறக்கத்தோடு பேசி, அதைக் கைப்பேசியிற் பதிந்து அனுப்புவேன். அவள் அதைக் கேட்டுக் கேட்டு மனனம் செய்வாள். ஒரு முறை நான் பதிந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குப் பின்னாலுள்ள தண்டவாளத்தில் தொடருந்து போயிற்று. அது கடந்து செல்லும்வரை வாக்கியத்தின் நடுவிலே நிறுத்திவிட்டுப் பின்னர் தொடர்ந்தேன். முதலிலிருந்து மறுபடி பதிவதற்குச் சோம்பலாக இருந்தது. போட்டி முடிந்ததும் தம்பி காணொளி அனுப்பினான். பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளை ஒலிவாங்கியின்முன் நின்று முழங்கினாள்:

“கடலின் ஆழத்தைக் கரையில் நின்று அளந்தவர் இல்லை. தாய்மொழியின் ஆழத்தை...”

அவ்விடத்தில் நிறுத்தினாள். என்னுடைய தொடருந்து கடந்துசெல்ல எடுத்த அதே நேரம், அவையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அமைதியாகப் பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள்:

“...அதனுள் மூழ்காமல் அறிந்தவரும் இல்லை.”

நடுவர்கள் அந்த இடைநிறுத்தத்தைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டினார்களாம். முதற்பரிசு கிடைத்தது. நாங்கள் இரு நாடுகளிலும் இருந்துகொண்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பின்னர் ஒருநாள் தம்பி பேச்சுக் கேட்காமல் அழைத்தான். அவர்களுடைய வதிவிட விண்ணப்பம் இறுதியாக மறுக்கப்பட்டுவிட்டது. மேன்முறையீட்டுக்கும் வழியில்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தது. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான்.

“ஆரும் கேட்டால், அவங்கள் அனுப்ப முந்தி நாங்களே வந்திட்டம் எண்டு சொல்லுங்கோ அக்கா,” என்றான்.

அவ்வாறே சொன்னேன். எவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அது எங்கள் ஒழுங்கையாரின் பண்பு. தம்பியும் மனைவியும் பிள்ளையும் ஊர் திரும்பி என்னோடு, எங்கள் பெற்றோர் கட்டிய வீட்டிலேயே தங்கினார்கள். பயணப்பெட்டிகளைத் திறந்தபோது, துணிகளுக்கிடையே துவாய்களாற் சுற்றப்பட்ட வெற்றிக்கிண்ணங்கள் இருந்தன. அவற்றுக்கு இடம்விடுவதற்காகத் தம்பி தன்னுடைய சப்பாத்துகளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். வந்த மறுநாளே முன்கூடத்து அலுமாரியில் அவற்றை உயர வரிசையில் அடுக்கினான்.

பிள்ளையோடு ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கிய பின்னரே அவளுடைய தமிழை நான் அறிந்தேன். பசிக்கிறது, குளிர்கிறது, வேண்டாம், வாறன், படுக்கப் போறன், அம்மா எங்கை: இவற்றை எங்கள் ஊர்க்குழந்தை போலவே சொன்னாள். ழகரம் அவள் நாவில் அழகாகப் புரண்டது. ஆனால் அந்தத் தமிழ், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதிலே நின்றுவிட்ட தமிழ். அதற்குப் பின்னர் அவள் அறிந்த யாவும், பின்னக் கணக்கு, கோள்கள், குருதியோட்டம், தோழியோடு கோபித்துக்கொள்வது, மன்னிப்புக் கேட்பது எல்லாம், ஜெர்மன் மொழியிலேயே அவளிடம் வந்து சேர்ந்திருந்தன. அங்கே பள்ளியில் ஆங்கிலமும் ஒரு பாடமாகக் கற்றிருந்தாள்.

ஒரு காலையில், இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

“குஞ்சு, அந்தக் கடல் பேச்சு இப்பவும் ஞாபகமிருக்கோ?”

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றாள். முதுகு நிமிர்ந்தது, குரல் மாறியது. முழுப் பேச்சையும் ஒரு சொல் வழுவாமற் சொல்லி முடித்துவிட்டு, மீண்டும் அமர்ந்து சம்பலை எடுத்தாள்.

“வடிவாச் சொன்னாய். அதின்ரை கருத்து என்ன?”

“அது பேச்சு மாமி.”

“ஓம், பேச்சுத்தான். அதிலை என்ன சொல்லியிருக்கு?”

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்திருக்கக்கூடும்.

“ஒண்டும் இல்லை மாமி. அது பேச்சு. கை தட்டுவினம்.”

இனி அவளை எந்த வகுப்பிற் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. நான் கற்பித்து ஓய்வுபெற்ற பெண்கள் பள்ளி அருகிலேயே இருந்தது. அங்கே ஏழாந் தரத்தில் இருவகை வகுப்புகள் நடந்தன. ஒன்றில் எல்லாப் பாடங்களும் தமிழில். மற்றையதில் கணிதம், விஞ்ஞானம் முதலியன ஆங்கிலத்திலும், தமிழ், சமயம், வரலாறு ஆகியன தமிழிலும். இரண்டாவதை இருமொழிக் கல்வி என்று ஆவணங்களில் எழுதுவர். ஊர்வாயில் அது இங்கிலிஸ் கிளாஸ்.

அந்த வகுப்பை எங்கள் பள்ளியில் தொடங்க எண்ணியபோது, ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்தவர்களுள் நானும் ஒருத்தி. பிள்ளை எந்த மொழியிற் சிந்திக்கிறதோ அந்த மொழியிலேயே கற்க வேண்டும். கருத்தைப் பற்றிக்கொள்ளும் முன்னர் அயன்மொழியோடு மல்லாடுகிற பிள்ளை கருத்தையும் இழக்கும், மொழியையும் இழக்கும் என்று வாதிட்டேன். அக்கொள்கையை நான் இன்றும் கைவிடவில்லை. ஆனால், அதே அளவுகோலை இந்தப் பிள்ளையின்மேல் வைத்தபோது அது நேராக ஜெர்மன் மொழியைச் சுட்டியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தப் பள்ளியிலும் அம்மொழியிற் கற்க உட்காருவதற்கு ஒரு வாங்கு இல்லை. எஞ்சியவை இரண்டு வகுப்புகள். இருமொழி வகுப்பில் அவளுக்குப் பாதி விளங்கும். மற்றையதில் அதுவும் இல்லை.

இராச் சாப்பாட்டின்போது தம்பியின் மனைவிதான் பேச்சைத் தொடங்கினாள்.

“மச்சாள், இவளுக்குக் கணக்கும் சயன்ஸும் இங்கிலிசிலை எண்டால் கொஞ்சமாவது பிடிபடும். அவள் படிச்ச பாஷைக்கு அது கிட்ட. தமிழிலை எண்டால் புத்தகத்தைத் திறக்கவே ஏலாது.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?” என்றான் தம்பி. “அங்கை அவ்வளவு பிள்ளையளுக்குள்ளையும் தமிழிலை வெண்டவள். இஞ்சை வந்து இங்கிலிசிலை படிக்கிறதோ? சனம் சிரிக்கும்.”

“சனமே பள்ளிக்கூடம் போகப்போகுது? இவளெல்லோ போகப்போறாள்.”

“நீ சும்மா இரு. அக்காவைக் கேள்.”

நான் நீரருந்திவிட்டுச் சொன்னேன்: “தம்பி, பிள்ளையை அந்த இங்கிலிஸ் வகுப்பிலை விடுறதுதான் நல்லம்.”

அவன் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலே வைத்தான்.

“நீங்களோ? அக்கா, நீங்களோ உதைச் சொல்லுறியள்?”

அவனுடைய முகத்தைப் பார்த்தபின், பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பேச்சை விட்டேன். அந்த நாட்டில் அவன் உணவகங்களிலே பாத்திரம் கழுவினான். அலுவலகக் கதவுகளுக்கு வெளியே காத்திருந்தான். இறுதியில் இங்கே உனக்கு இடமில்லை என்ற விடையோடு திரும்பினான். முன்கூடத்து அலுமாரியில் இருந்தவை மட்டுமே அவன் அங்கிருந்து வென்று வந்தவை.

பள்ளியின் அதிபர் அம்மையார் ஒருகாலத்தில் என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவர். வயதில் என்னிலும் இளையவர். அன்பானவர். கடமை தவறாதவர். இந்த நினைவுகளில் தீயவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் அப்படி எவரும் இல்லை.

நாங்கள் நால்வரும் அவருடைய அறையில் அமர்ந்தோம். அவர் பிள்ளையின் தலையைத் தடவினார்.

“அங்கை தமிழ் படிச்சனீங்களோ அம்மா?”

“ஓம்.”

“முதற்பரிசு ரீச்சர்,” என்றான் தம்பி. “ஒவ்வொரு வருசமும். பேச்சுப் போட்டியிலை.”

“அப்படியோ! எங்கை, ஒரு சின்னத் துண்டு பேசிக்காட்டுங்கோ பாப்பம்.”

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை தமிழ் அறியுமா என்பதைக் காண இதுவே வழி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளையும் விருந்தினர் முன்னிலையில் நிறுத்தி, ஒரு பதிகமோ பேச்சோ சொல்லச் சொல்வோம். வாய் திறந்து வழுவின்றிச் சொன்னால் தமிழ்ப் பிள்ளை. அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை.

அவள் எழுந்தாள். அதிபருடைய மேசைக்கும் சுவரோரத்து அலுமாரிக்கும் இடைப்பட்ட சிறிய இடத்தை மேடையாக்கினாள். கடலின் ஆழத்தைக் கரையில் நின்று அளந்தவர் இல்லை என்று தொடங்கியதும், வெளியே நடந்துகொண்டிருந்த ஆசிரியைகள் இருவர் கதவடியில் நின்றுவிட்டனர். தாய்மொழியின் ஆழத்தை என்று சொல்லி நிறுத்தினாள். அறை முழுவதும் மூச்சடக்கிக் காத்திருந்தது. என் செவியில் மட்டும் தொடருந்து ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சு முடிந்தபோது அதிபரின் கண்கள் கலங்கியிருந்தன.

நான் உடனே சொன்னேன்: “இது நான் எழுதின பேச்சு. நான் பேசிப் பதிஞ்சு அனுப்ப, கேட்டுப் பாடமாக்கினவள். இதிலை ஒரு வசனமும் அவளுக்கு விளங்காது. அவள் இடையிலை நிப்பாட்டினாளே, அது ஏனெண்டால் அந்த நேரம் எங்கடை வீட்டடியாலை ரயில் போனது.”

அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். கதவடியில் நின்ற ஆசிரியைகளும் சிரித்தனர்.

“அக்கா, உங்கடை அடக்கம் இன்னும் மாறேல்லை. ரயிலாம்! உங்கடை ரத்தமெல்லோ, பேந்தென்ன?”

“நான் பகிடி விடேல்லை. இவளை மற்ற வகுப்பிலை விடவேணும் எண்டு கேக்கத்தான் வந்தனாங்கள்.”

“இவ்வளவு தமிழை வைச்சுக்கொண்டு இங்கிலிஸ் கிளாஸோ? இஞ்சை பிறந்த பிள்ளையளே இப்பிடி வாய் திறக்குதில்லை. நான் விடன் அக்கா. நீங்களே எனக்குப் படிப்பிச்சனீங்கள், தாய்மொழியிலைதான் பிள்ளை படிக்கவேணும் எண்டு.”

தம்பியின் முகம் அன்று ஒளிர்ந்ததுபோல் நான் முன்னெப்போதும் கண்டதில்லை. அவனுடைய மனைவி தன் கைப்பையின் வாரை விரலிற் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

இவ்வாறு அவள் தமிழ்மொழி மூல வகுப்பில், முன்வரிசையில், எல்லோரும் பார்க்கத்தக்க இடத்தில் அமர்த்தப்பட்டாள்.

முதற்கிழமை அவளைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினார்கள். பனிமழை பற்றிக் கேட்டார்கள். அவள் ஓம் என்றும் இல்லை என்றும் விடை சொன்னாள். அதற்குமேல் அவளிடம் சொல் இல்லை. சிறிது காலத்தில், ‘ஜெர்மன்காரிக்குப் பெருமை, கதைக்கமாட்டாள்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆசிரியைகள் விளங்கியதா என்று கேட்டால் ஓம் என்பாள். பெரியவர்கள் கேட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும் என அவளுடைய தாய் சிறு வயதிற் பழக்கியிருந்தாள். அந்தப் பழக்கமும் அவளுக்கு எதிராகவே நின்றது.

மாலைகளில் நான் அவளருகே அமர்ந்தேன். விஞ்ஞானப் பாடநூலில், இலைகள் சூரிய ஒளியில் உணவு ஆக்குவது பற்றிய ஒளித்தொகுப்பு என்ற பாடம் வந்தது. என் தலைமுறை ஆசிரியர்கள் நேசித்த சொற்களுள் அது ஒன்று. ஒளியும் தொகுப்பும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் அழகை வகுப்பறைகளில் எத்தனையோ முறை வியந்து பேசியிருக்கிறேன். அவளுக்கு அது கடந்து செல்ல முடியாத ஒரு நீண்ட ஒலி. கைப்பேசியின் மொழிபெயர்ப்பிலே எழுதிப் பார்த்தாள். எங்கள் பாடநூலின் கலைச்சொற்களுட் பல அதற்கும் பிடிபடவில்லை.

நான் படத்தைக் காட்டிக் கையசைத்து விளக்கினேன். திடீரென்று அவளுடைய முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்து ஓர் இலையை வரைந்தாள். சூரியனை வரைந்தாள். உள்ளே செல்வன, வெளியே வருவன எல்லாவற்றுக்கும் அம்புக்குறியிட்டு, விரைவாகத் தன் மொழியிற் பெயரெழுதினாள். இலையின் உட்பகுதியைத் தனியே பெருப்பித்து, பாடநூலில் இல்லாத நுட்பங்களையும் சேர்த்தாள். அந்தச் சொற்களில் ஒன்றையும் என்னால் வாசிக்க முடியவில்லை. அவள் அறிந்திருந்தாள், நானும் அறிந்திருந்தேன். எங்களிருவருக்கும் நடுவில் அந்த ஒற்றை இலை கிடந்தது.

“மாமி, இது எனக்குத் தெரியும்,” என்றாள். “அங்கை எனக்கு எல்லாம் தெரியும். இஞ்சை எனக்குத் தெரியாது.”

மறுநாள் பள்ளிக்குப் போனேன். ஆங்கில வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த வகுப்பைத் தொடங்க முன்னின்றவர் அவர். கூட்டத்தில் என்னோடு மோதியவரும் அவரே.

“வாங்கோ ரீச்சர். அண்டைக்கு என்னை எழுப்பி வைச்சு என்ன சொன்னனீங்கள்? தாய்ப்பாலை நிப்பாட்டிப் புட்டிப்பால் குடுக்கிறன் எண்டு. இப்ப என்ரை புட்டியைத் தேடியெல்லோ வந்திருக்கிறியளாம்.”

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏச்சில் நியாயம் இருந்தது.

“ஓம் சேர், தேடித்தான் வந்தனான். ஒரு பிள்ளைக்கு மட்டும்.”

“ஒரு பிள்ளைக்கு எண்டு சொல்லித்தான் ரீச்சர் எல்லாரும் வருகினம்,” என்றவர், பின்னர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மறுப்பில்லை. அவள் என்ரை கணக்குக்கு நிண்டு பிடிப்பாள். ஆனா வரலாறும் சமயமும் அங்கையும் தமிழிலைதான். அதுக்கு என்ன செய்வியள்?”

“பாதி நேரமாவது விளங்கட்டுமே.”

“பாதி காணுமோ?”

“காணாது. வேறை என்ன இருக்கு?”

அவர் வகுப்புக்குரிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியை மட்டும் என்னருகே வந்து, “அவளுக்கு விளங்கேல்லை எண்டு எனக்குத் தெரியாது ரீச்சர். நாற்பதுக்கு மேலை பிள்ளையள். அவள் சத்தம் போடாமல் இருக்கிறாள், நல்ல பிள்ளை எண்டு நினைச்சன்,” என்றாள்.

அதிபர் பொறுமையோடு கேட்டார். நான் அந்த இலைப்படத்தைக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“சரி அக்கா. தவணைச் சோதினை முடியட்டும். பாத்துப்போட்டு மாத்துவம்,” என்றார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் அதைச் சொன்னேன். “மாத்துவினமோ?” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுடைய தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பி மட்டும் செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்கவில்லை, ஆனால் மறுக்கவுமில்லை. அன்று முதல் சோதினையே எங்கள் வீட்டின் நம்பிக்கையாயிற்று.

சோதினைக்கு முன்னரே வந்தது பேச்சுப் போட்டி. பள்ளிகளுக்கிடையிலான அப்போட்டிக்கு எங்கள் பள்ளியின் சார்பில் அவளைத் தெரிந்தெடுத்தார்கள். அதை என்னிடம் சொல்ல அவள் ஒழுங்கை முனையிலிருந்தே ஓடிவந்தாள்.

“மாமி, பேச்சு எழுதித் தாங்கோ. பெரிய கப் இருக்காம்.”

நான் ஒரு முடிவோடு எழுத அமர்ந்தேன். இம்முறை அவளுக்கு விளங்குகிற சொற்களாலே எழுதுவேன். அவை அவளுடைய சொற்களாகவே இருக்கும். கேட்பவர்கள் அதிலிருந்தேனும் அறிந்துகொள்ளட்டும் என்று எண்ணினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் மிகவும் எளிய பக்கம் அது. எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன்:

“நான் வேறு நாட்டிற் பிறந்தேன். வீட்டில் அம்மாவோடு தமிழ் பேசுவேன். பள்ளியில் வேறு மொழி படித்தேன். இப்போது வகுப்பில் ஆசிரியை பேசுவது எனக்கு விளங்குவதில்லை. எனக்குப் படிக்க விருப்பம். மெதுவாகச் சொல்லித் தாருங்கள்.”

அவள் முழுவதையும் கேட்டாள். முதல்முறையாக ஒரு பேச்சின் ஒவ்வொரு வாக்கியமும் அவளுக்கு விளங்கியது; முகத்தில் அது தெரிந்தது. கேட்டு முடித்ததும் தலையைப் பலமாக ஆட்டினாள்.

“இது பேச்சு இல்லை மாமி.”

“ஏன், குஞ்சு? இதுதான் உன்ரை பேச்சு.”

“இல்லை. இது நான் வீட்டிலை சொல்லுறது. உதுக்குக் கை தட்டமாட்டினம். கப் தரமாட்டினம். பெரிசா எழுதுங்கோ. கடல் மாதிரி.”

“பெரிசா எழுதினால் உனக்கு விளங்காதே.”

“எனக்கு விளங்கத் தேவையில்லை. அவைக்கு விளங்கும்தானே?”

அவளைத் தேற்றி, மறுபடி வாசித்து, மறுபடி கேட்டேன். அழத் தொடங்கிவிட்டாள். அந்தப் பள்ளியில் அவளுக்கென்று இருக்கப்போவது அந்தச் சில நிமிடங்கள்தாம். மற்ற நேரமெல்லாம் வாயடைத்திருக்கிற பிள்ளையிடமிருந்து அவற்றையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. எளிய பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, அவள் விரும்பியவாறே எழுதினேன். மலையையும் அருவியையும் கொண்டுவந்தேன். அடுக்குத்தொடர்கள் தாமாகவே வந்து விழுந்தன.

போட்டி மானிப்பாய்ப் பக்கத்திலுள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. மகளைக் காணத் தம்பி தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்து வந்தான். அவள் மேடையேறியபோது, வகுப்பறையிற் குனிந்தே இருக்கும் அந்தத் தலை எங்கே போயிற்று என்று நான் வியந்தேன். குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை சென்று திரும்பியது. எனக்கு முன்னாலிருந்த முதியவர் ஒருவர், “உது ஆற்றை பிள்ளை? என்ன தமிழ்!” என்று அருகிலிருந்தவரிடம் கேட்டார். “வெளிநாட்டிலை பிறந்ததாம்,” என்றார் மற்றவர். “எங்கடையள் வெக்கப்படவேணும்.”

அவளுக்கே முதற்பரிசு. கிண்ணம் ஒரு முழ உயரமிருந்தது.

சோதினையும் வந்து போயிற்று. கணிதத்தில் எண்களாலான கணக்குகளை மட்டும் சரியாகச் செய்திருந்தாள். வசனக் கணக்குகளைத் தொடவில்லை. விஞ்ஞானத்தில் படங்களுக்குரிய புள்ளிகள் மட்டும் கிடைத்தன. வரலாற்று விடைத்தாளில் தன் பெயரை அழகாக எழுதியிருந்தாள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, அவளையும் அவளுடைய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு அதிபரிடம் சென்றேன். கிண்ணத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தாள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. முச்சக்கர வண்டியில் அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

அதிபர் புள்ளிகளைப் பார்த்தார்; பின்னர் கிண்ணத்தைப் பார்த்தார்.

“இது புது இடம் அக்கா, பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். இவ்வளவு தமிழ் உள்ள பிள்ளை எழும்பிடுவாள். வாற முறை மாகாணப் போட்டிக்கு எங்கடை பள்ளிக்கூடத்துக்காகப் போகப்போறவள். அவளை இப்ப நான் இங்கிலிஸ் கிளாசுக்கு மாத்தினால் சனம் என்னைக் கேக்காதோ?”

“பாத்துப்போட்டு மாத்துவம் எண்டு சொன்னனீங்கள்.”

“சொன்னனான். அது பேச்சுப் போட்டிக்கு முந்தி.”

அப்போது பிள்ளை எழுந்தாள். கிண்ணத்தை இரு கைகளாலும் தூக்கி அதிபரின் மேசைமேல் வைத்தாள்.

“நான் கப் எடுத்தனான்,” என்றாள். “இப்ப என்னை மாத்துங்கோ.”

அங்கே சனிக்கிழமைப் பள்ளியில், வென்ற பிள்ளை தனக்கு வேண்டியதைக் கேட்கலாம், ஆசிரியை தருவார் என்று அவள் எனக்குப் பின்னர் சொன்னாள். ஒரு முறை தொலைக்காட்சி பார்க்கக் கேட்டாளாம். ஒரு முறை வெளியே சுற்றுலாப் போகக் கேட்டாளாம். இந்தப் போட்டிச் செய்தியோடு அவள் ஓடிவந்ததும், பெரிய பேச்சு வேண்டுமென்று அழுததும் கைதட்டலுக்காக மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதிபர் அவளை அருகில் அழைத்து அணைத்துக்கொண்டார். “ஏன் அம்மா மாறவேணும்? ரீச்சருக்குச் சொல்லுங்கோ பாப்பம், என்ன கஷ்டம்?”

அவள் வாயைத் திறந்தாள். எதையோ தேடினாள். உதடுகள் அசைந்தன, அவள் மொழியில் ஒரு சொல் உருவாகி, அது இங்கே பயன்படாது என்று உணர்ந்து நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு வேண்டிய வாக்கியங்கள் யாவும் என்னிடம் இருந்தன. மடித்து வைத்த பக்கத்தில் அவற்றை எழுதியுமிருந்தேன். ஆனால் நான் எடுத்துக் கொடுத்து அவள் சொன்னால், அதுவும் அடக்கமுள்ள மாமி எழுதிக் கொடுத்த நல்லதொரு பேச்சாகவே இருக்கும்.

“பிள்ளைக்கு ஒண்டும் விளங்குதில்லை ரீச்சர்,” என்றாள் அவளுடைய தாய். அந்த அறையில் அவள் பேசிய ஒரே வாக்கியம் அது.

தம்பி மனைவியைப் பார்த்தான்; மகளைப் பார்த்தான்; மேசைமேலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் எழுந்து கிண்ணத்தை எடுத்து, அதிலிருந்த விரலடையாளங்களைச் சட்டை நுனியால் துடைத்தான்.

“பழகிடுவாள்,” என்றான்.

முச்சக்கர வண்டியிலேயே திரும்பினோம். கொக்குவில் தொடருந்துக் கடவையடியில் வண்டி நின்றது. கடவைக் கதவு தாழ்ந்திருந்தது. பிள்ளை கிண்ணத்தின்மேல் நாடியை ஊன்றியபடி கேட்டாள்:

“மாமி, மாகாணக் கப் இதைவிடப் பெரிசோ?”

“ஓம், பெரிசாயிருக்கும்.”

“அதை எடுத்தால் மாத்துவினமோ?”

தொடருந்து வந்தது. அது கடந்து செல்லும்வரை நான் விடை சொல்லவேண்டியிருக்கவில்லை. கடவைக் கதவு உயர்ந்தது. அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

“இன்னும் பெரிசா எழுதுங்கோ மாமி.”

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மேசையில் அமர்ந்தேன். மடித்து வைத்திருந்த பக்கத்தை எடுத்து ஒருமுறை வாசித்தேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, கால்களை மடித்து, கேட்பதற்கு ஆயத்தமாக என் எதிரே உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கத்தை மறுபடி மடித்து வைத்துவிட்டுப் புதிய தாளை எடுத்தேன். முதல் வாக்கியம் தடையின்றி வந்தது.